பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள்



நம் கேமரன் மலையில் பழைய லேண்ட்ரோவர்கள் இன்னும் ஓடுகின்றன. 1948-இல் பிறந்த அந்தப் பழைய வடிவ வண்டியின் தயாரிப்பு 2016-இல் நின்றது. மாற்று உறுப்புகளைப் பலரும் செய்கிறார்கள். தரம் ஒன்றுபோல் இல்லை.

ஸ்டியரிங் பால் ஜாயிண்ட் வாங்கும்போது கையால் அசைத்துப் பாருங்கள். இறுக்கமாக, ஒரே சீராகத் திரும்ப வேண்டும்; லொடலொடத்தால் வேண்டாம். ரப்பர் உறையில் வெடிப்பு இருந்தால் மழைநீரும் மண்ணும் புகுந்து மூட்டைத் தின்றுவிடும். கூம்புத் தண்டு துளையில் ஆடாமல் உட்கார வேண்டும். மரை வலமா, இடமா என்று பழையதோடு ஒப்பிடுங்கள். நட்டுக்குப் புதிய பின் போடச் சொல்லுங்கள்.

தாப்பா சாலை வளைவில் சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால், மிச்சம் பிடித்த பத்து வெள்ளி வண்டியில் இருக்கும் பிள்ளைகளைக் காப்பாற்றாது.