பின்தங்குவோர் முன்னே செல்க

சிவனொளிபாதமலைக்குச் செல்ல மாணவர் சிலர் ஆயத்தஞ் செய்கின்றனர். எம்மிடம் யோசனை கேட்டனர். டிசெம்பர்ப் பூரணை தொடக்கம் வெசாக் பூரணை வரை யாத்திரைக் காலம். அப்பொழுது படிவழியெங்கும் விளக்கெரியும். தேநீர்க் கடைகளுந் திறந்திருக்கும். அட்டன் வரை புகையிரதத்திலும், அங்கிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி வரை பஸ்ஸிலும் செல்லலாம். நள்ளிரவு கழிந்தபின் ஏறத் தொடங்கினால், 7,359 அடி உயரத்திலே சூரியோதயத்தைக் காணலாம். கம்பளிச் சட்டையும் டோர்ச் லைட்டும் அவசியம் என்பதை எவருஞ் சொல்வர். நாம் சொல்லவேண்டியது வேறொன்று.

2011ஆம் ஆண்டு நாம் பன்னிரு மாணவரை அழைத்துச் சென்றோம். கால்வலி அறியாதோரை முன்னே விட்டு, அவர்களோடு நாமும் விரைந்தோம். உச்சியிலே எண்ணிப் பார்த்தபோது பதினொருவரே நின்றனர். உதயத்தை நாம் காணவில்லை; படியிறங்கித் தேடினோம். தொய்வு நோயுள்ள பிள்ளையொருவன், தேநீர்க் கடையொன்றின் வாங்கிலே குளிரில் ஒடுங்கியிருந்தான்.

"ஏன் தம்பி, முன்னமே சொல்லவில்லை?" என்றோம்.

"எல்லாரும் எனக்காக நிற்கவேண்டி வருமே, சேர்" என்றான்.

நாணினோம். நோயுள்ளவர் யாரெனப் புறப்படுமுன் தனித்தனியே கேட்டறிவது எமது கடனன்றோ?

அன்று தொட்டு எமது ஒழுங்கு இதுவே: மெல்ல நடப்பவர் முன்னே செல்வார், அவர் நடையே எல்லார்க்கும் நடை. பொறுப்பாளர் கடைசியில் வருவார். ஒவ்வொரு தங்குமிடத்திலும் தலை எண்ணப்படும். உதயத்துக்குப் பிந்தினாலும் குறைவில்லை. சென்றவர் அனைவரும் ஒருங்கே திரும்புதல் வேண்டும்.