கரையில் ஒரு கயிறு இருக்கட்டும்

ஆடிப்பெருக்கு நெருங்குகிறது. காவிரிப் படித்துறைகளில் காதோலை கருகமணியும் சித்ரான்னமுமாகக் குடும்பங்கள் கூடப்போகின்றன. அந்த மகிழ்ச்சியை அடியோடு குலைக்கும் செய்தி ஒன்றும் ஆண்டுதோறும் வந்துவிடுகிறது. குளிக்கப் போன பிள்ளை ஆற்றோடு போய்விட்டது. காப்பாற்றக் குதித்த அண்ணனும் மாமனும் கரை திரும்பவில்லை.

"பொறந்ததுலேர்ந்து பாக்குற ஆறு, எங்களுக்குத் தெரியாதா?" என்பார்கள். போன வருடம் பார்த்த ஆறு இந்த வருடம் இருப்பதில்லை. மணல் அள்ளிய பள்ளங்களைத் தண்ணீர் மூடி மறைத்துவிடுகிறது. முழங்காலளவு நீரில் நடப்பவர் அடுத்த எட்டில் ஆளை முழுங்கும் மடுவில் இருப்பார். உள்ளூர்க்காரரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது. குடித்துவிட்டு இறங்கவே கூடாது.

மூழ்குகிறவர் பெரும்பாலும் கூச்சல் போடுவதில்லை. மூச்சு இழுக்கவே நேரம் போதாதபோது கத்துவது எப்படி? கரையிலிருந்து பார்த்தால் பிள்ளை விளையாடுவது போலத்தான் தெரியும். ஆகவே, குழந்தைகள் தண்ணீரில் இருக்கும்வரை பெரியவர் ஒருவர் செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும்.

அப்படியும் ஒருவர் தத்தளித்தால், பாசத்தில் குதித்துவிடாதீர்கள். உயிர்ப் பதற்றத்தில் இருப்பவரின் பிடி, நன்றாக நீந்துபவரையும் சேர்த்து அமுக்கிவிடும். கரையில் குப்புறப் படுத்து வேட்டியையோ புடவையையோ வீசுங்கள். மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேனும் மிதக்கும், ஆளையும் தாங்கும். இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் நீந்தப் பழகிய நம் தாத்தாக்களுக்கு இது தெரிந்த பாடம்தான்.

கரையேற்றியவரைத் தலைகீழாகச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் தவறு. மூச்சில்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, நடுமார்பை வேகமாக, அழுத்தமாக விடாமல் அமுக்க வேண்டும். அதே நேரம் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

ஊராட்சிகளையும் நகராட்சிகளையும் ஒன்று கேட்கிறோம். விழாவுக்குப் பந்தல் கால் நடும்போதே, ஒவ்வொரு படித்துறையிலும் நீளமான கயிறும், காற்றடைத்த லாரி டியூபும், ஆழம் சொல்லும் பலகையும் வையுங்கள். பள்ளி மாணவர்களுக்கு நீச்சலும் முதலுதவியும் கற்றுக்கொடுங்கள்.

காவிரியைத் தாய் என்று கும்பிடுகிறோம். தாய் வீட்டுக்குப் போன பிள்ளைகள் அத்தனை பேரும் அன்று மாலை வீடு திரும்ப வேண்டும்.