காருக்குள்ளே ஒரு ஜாக்கி

மோட்டார் வைத்திருப்பவர்களின் பொறுமைக்குச் சில பரீட்சைகள் உண்டு. கொட்டுகிற மழையில், கும்மிருட்டில், ஊருக்கு நாலு மைல் இருக்கும்போது டயர் பஞ்சராவது அவற்றில் முதன்மையானது.

சென்ற ஐப்பசியில் எனக்கு அந்தப் பாக்கியம் கிட்டியது. பெட்டி படுக்கைகளை இறக்கி, அடியில் கிடந்த ஜாக்கியைத் தேடியெடுத்து, சேற்றில் மண்டியிட்டேன். என் சம்சாரம் குடை பிடித்தாள் - எனக்கல்ல, பெட்டிக்கு! "காருக்குள் என்னென்னவோ வைத்திருக்கிறார்களே, இந்த ஜாக்கியையும் உள்ளேயே பொருத்தி வைக்கக் கூடாதோ?" என்று கேட்டாள்.

வைத்திருந்தார்கள்! அந்தக் கதைதான் இந்த வாரம்.

ஆதி காலத்துக் கார்களில் சக்கரத்தைச் சுலபமாகக் கழற்ற முடியாது. 1904-ல் வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரில், ஸ்டெப்னி தெருவில் தொழில் நடத்திய டேவீஸ் சகோதரர்கள் ஓர் உபரிச் சக்கரம் செய்தார்கள். அந்தத் தெருவின் பெயரைத்தான் நம் டிரைவர்கள் இன்றும் "ஸ்டெப்னி" என்று உச்சரிக்கிறார்கள். பிறகு கழற்றி மாட்டும் சக்கரங்கள் வந்தன. ஆனால் காரைத் தூக்குவது யார்? இரண்டரை டன் கனமுள்ள சீமான் வீட்டுக் காருக்கு அடியில், பித்தளைப் பொத்தான் வைத்த சட்டையுடன் டிரைவர் தவழ வேண்டியிருந்தது.

1930-க்குப் பின் பிரிட்டிஷ் நிபுணர்கள் இதற்கு வழி கண்டார்கள். காரின் சட்டத்தோடேயே ஜாக்கிகளைப் பொருத்திவிட்டார்கள். 1936 முதல் 1939 வரை வெளிவந்த பன்னிரண்டு சிலிண்டர் ரோல்ஸ்ராய்ஸ் 'பான்டம் III' காரில் இந்த ஏற்பாடு இருந்தது. ஸ்மித்ஸ் கம்பெனியார் செய்ததற்கு 'ஜாக்கால்' என்று பெயர். ஆங்கிலத்தில் நரியைக் கூப்பிடுவது போலிருந்தாலும், 'எல்லாவற்றையும் தூக்குவது' என்பதே பொருள்! 1947-ல் வந்த எம்.ஜி. 'ஒய்' ரகச் சிறு காரில்கூட இது உண்டு. என்ஜின் மூடியைத் திறந்து, நின்றபடியே பம்பை அடித்தால் போதும். முன்பக்கமோ, பின்பக்கமோ, நான்கு சக்கரமுமோ மேலே எழும்பும்.

சூட்சுமம் என்ன? அடைபட்ட திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்று பிரெஞ்சு மேதை பாஸ்கல் கண்டறிந்தார். பம்பின் குழாய் அரை அங்குல விட்டம், ஜாக்கியின் உருளை இரண்டு அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு பதினாறு மடங்கு. ஆகவே விசையும் பதினாறு மடங்கு. கைப்பிடியின் நெம்புகோல் இன்னும் பத்து மடங்கு தரட்டும். நாம் 15 பவுண்டு அழுத்தினால் ஜாக்கி 2,400 பவுண்டைத் தூக்கும். ஒரு டன்னுக்கும் மேல்!

இயற்கை எதையும் இனாமாகத் தருவதில்லை. பம்பு ஓர் அங்குலம் இறங்கினால் ஜாக்கி அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குதான் நகரும். ஆறு அங்குலம் உயர 96 தடவை அடிக்க வேண்டும். இரண்டு ஜாக்கிகளென்றால் 192 தடவை! மழையில் நனைந்தாலும் சேற்றில் புரள வேண்டாமே என்பதுதான் ஆறுதல்.

வடிவமைத்தவர்களுக்குத் தலைவலிகள் பல. சட்டத்தைத் தூக்கினால் ஸ்பிரிங் நீண்டு கொடுக்கும்; சக்கரம் தரையிலேயே நிற்கும். அதனால் ஜாக்கி வெகுதூரம் நீள வேண்டும். எண்ணெய்க்கோ சோம்பல் அதிகம். எந்தப் பக்கம் பாரம் குறைவோ அங்கேதான் முதலில் ஓடும். ஆகவே முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியே திறக்கும் வால்வு வைத்தார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தலைவலி கசிவு. 1795-ல் நீரழுத்த யந்திரத்துக்குப் பேட்டண்ட் பெற்ற பிராமாவையே அது வாட்டியது. அவர் பட்டறையில் வேலை பார்த்த மாட்ஸ்லேதான் கிண்ணம் போன்ற தோல் வளையத்தால் அதைத் தீர்த்தார் என்பார்கள். அழுத்தம் ஏற ஏறத் தோல் இன்னும் இறுகிப் பிடிக்கும். ஆனால் காருக்கு அடியில் தொங்கும் ஜாக்கியோ தினமும் சேறும் புழுதியும் குடிக்கிறது. தோலோ ரப்பரோ, தேய்ந்தால் எண்ணெய் ஒழுகும். தூக்கிய கார் மெல்ல இறங்கும்.

டயர்கள் உறுதிப்பட்டன, பஞ்சர் குறைந்தது. அபூர்வமாகத் தேவைப்படும் ஒன்றுக்காக இத்தனை கனமும் செலவும் எதற்கு என்று கம்பெனிகள் இதைக் கைவிட்டன. காற்றழுத்தத்தால் இயங்கும் அதன் உறவுக்காரரை இன்று நெடுந்தூரப் பந்தயக் கார்களில் காணலாம்.

என் கதைக்கு வருகிறேன். சக்கரத்தைக் கழற்றி வைத்தேன். அப்போது லாரியை நிறுத்தி இறங்கிய டிரைவர் ஒருவர், ஒன்றும் பேசாமல் அந்தச் சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்கத் தள்ளினார். "எதற்கு, அண்ணே?" என்றேன். பதில் வருவதற்குள் ஜாக்கி சேற்றில் சரிந்து, கார் அந்தச் சக்கரத்தின் மேல் 'தொம்'மென்று உட்கார்ந்தது! ஒரு நிமிஷத்துக்கு முன் என் கை அங்கேதான் இருந்தது.

"ஜாக்கி தூக்கறதுக்குத்தான் சார், தாங்கறதுக்கு இல்லே" என்றார் அவர்.

உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் எந்த ஜாக்கிக்கும் இது பொருந்தும். கார் வைத்திருப்பவர்கள் மறக்க வேண்டாம்.