விதவையா, மனைவியா? இரு தினங்களுக்கு இடையில் நிற்கும் பெண்கள்

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் தேதி நிறைவேற்றிய தீர்மானங்களில் இரண்டு, உலக நாட்காட்டியில் இரண்டு புதிய தினங்களைச் சேர்த்தன. ஜூன் 23ஆம் தேதி சர்வதேச விதவைகள் தினம் என்றும், ஆகஸ்ட் 30ஆம் தேதி வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோருக்கான சர்வதேச தினம் என்றும் அறிவிக்கப்பட்டன. இரண்டும் 2011ஆம் ஆண்டு முதல் கடைப்பிடிக்கப்பட்டு வருகின்றன.

மகளிர் தினம், தொழிலாளர் தினம் போன்று இவை பரவலாக அறியப்பட்டவை அல்ல. விடுமுறையோ விழாவோ இவற்றுக்கு இல்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தினங்களாகவே இவை பார்க்கப்படுகின்றன. முதலாவது, கணவரை இழந்த பெண்களின் வறுமையையும் அவர்கள் மீதான சமூக ஒதுக்கலையும் பற்றியது. இரண்டாவது, அரசுகள் தொடர்புபட்ட ஒரு குற்றத்தைப் பற்றியது.

ஆனால் இந்த இரண்டு தினங்களுக்கும் இடையில் ஒரு பெண் நிற்கிறார். அவரது கணவர் பிடித்துச் செல்லப்பட்டார், அல்லது சரணடைந்தார். அதன் பின்னர் தகவல் ஏதும் இல்லை. ஜூன் 23ஆம் தேதியைத் தனக்குரியதாக அவர் ஏற்றுக்கொண்டால், கணவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகஸ்ட் 30ஆம் தேதியை மட்டும் ஏற்றுக்கொண்டால், விதவைகளுக்கென்று சட்டமும் சமூகநலத் திட்டங்களும் வழங்கும் உதவிகள் அவருக்குக் கிடைக்காமல் போகலாம். அதிகம் கவனிக்கப்படாத இந்தத் தினங்களின் முக்கியத்துவத்தையும் அவற்றின் போதாமையையும் ஒருசேர விளக்குவது இந்தப் பெண்ணின் நிலைதான்.

இரு தினங்களின் பின்னணி

விதவைகள் தினத்தின் தோற்றம் ஒரு குடும்பத்தின் கதையோடு பிணைந்தது. பிரிட்டனில் வாழும் இந்திய வம்சாவளித் தொழிலதிபரான ராஜ் லூம்பாவின் தாய் புஷ்பவதி, 1954ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் தேதி பஞ்சாபில் கணவரை இழந்தார். அந்தத் தேதியையே லூம்பா அறக்கட்டளை 2005ஆம் ஆண்டு முதல் விதவைகள் தினமாகக் கடைப்பிடித்தது. ஆப்பிரிக்க நாடான காபோன் இதனை ஐ.நா.வுக்கு எடுத்துச் சென்றது. உலகில் 25 கோடிக்கும் அதிகமான விதவைகள் இருப்பதாக ஐ.நா. குறிப்பிடுகிறது.

ஆகஸ்ட் 30ஆம் தேதிக்குப் பின்னால் இருப்பது லத்தீன் அமெரிக்காவின் ராணுவ ஆட்சிகளின் காலம். அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி நிலவிய 1977ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் தேதி, பிள்ளைகளைத் தேடிய தாய்மார் சிலர் தலைநகர் புவெனஸ் அயர்ஸின் மே சதுக்கத்தில் ஒன்றுகூடினர். வாரந்தோறும் அவர்கள் அங்கு நடத்திய மௌன நடை, பின்னர் உலகின் பல நாடுகளில் இத்தகைய போராட்டங்களுக்கு முன்மாதிரியானது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களுடைய லத்தீன் அமெரிக்கக் கூட்டமைப்பு 1981ஆம் ஆண்டு உருவானது. ஐ.நா. அறிவிப்பதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே ஆகஸ்ட் 30ஆம் தேதியை உறவினர்கள் கடைப்பிடித்து வந்தனர். அதாவது, இந்தத் தினம் அரசுகள் அளித்த கொடை அல்ல. குடும்பங்கள் ஏற்கனவே அனுசரித்து வந்த ஒரு நாளை அரசுகள் பின்னர் ஏற்றுக்கொண்டன.

சட்டத்தில் பெயரில்லாத நிலை

அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சியாளர் ஹோர்ஹே ரஃபேல் விடேலா, 1979ஆம் ஆண்டு செய்தியாளர்களிடம் பேசியபோது, காணாமல் போனவர் உயிருடன் இருப்பவரும் அல்ல, இறந்தவரும் அல்ல என்ற பொருளில் கருத்து வெளியிட்டார். குற்றத்தை மறைக்கச் சொல்லப்பட்ட வார்த்தைகள் அவை. எனினும் குடும்பங்கள் எதிர்கொள்ளும் சட்டச் சிக்கலும் ஏறக்குறைய அதுவேதான்.

கணவர் இறந்ததற்குச் சான்றிதழ் இல்லையென்றால், அவர் பெயரிலுள்ள காணியை மாற்ற முடியாது; வங்கிக் கணக்கை இயக்க முடியாது; குடும்ப ஓய்வூதியம் பெறுவதும் மறுமணம் செய்வதும் கடினம். நீண்டகாலம் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கருதுவதற்குப் பல நாடுகளின் சட்டங்கள் இடமளிக்கின்றன. இந்தியாவில் அந்தக் காலம் ஏழு ஆண்டுகள். ஆனால் கப்பல் விபத்திலோ வெள்ளத்திலோ தொலைந்தவரை மனதில் கொண்டு வகுக்கப்பட்ட ஏற்பாடு, அதிகாரிகளின் காவலில் இருந்து மறைந்தவருக்குப் பொருந்துவதில்லை. மரணச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டால் அரசின் விசாரணைக் கடமை முடிந்துவிட்டதாகக் கருதப்படும் என்று குடும்பங்கள் அஞ்சுகின்றன.

இதற்கு இருவேறு வழிகளை லத்தீன் அமெரிக்க நாடுகள் கையாண்டன. அர்ஜென்டினா 1994ஆம் ஆண்டு இயற்றிய சட்டம், "வலிந்து காணாமல் ஆக்கப்பட்டதால் சமூகமளிக்காதவர்" என்ற புதியதொரு சட்ட நிலையை உருவாக்கியது. யாரையும் இறந்தவர் என்று அறிவிக்காமலே குடும்பத்தின் சொத்துரிமைகளைத் தீர்க்க இது வழிசெய்தது.

பிரேசில் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், ராணுவ ஆட்சிக்காலத்தில் காணாமல் போனவர்களை இறந்தவர்களாக அங்கீகரித்தது. முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ரூபன்ஸ் பைவா 1971ஆம் ஆண்டு ஜனவரியில் ரியோ டி ஜெனீரோவில் உள்ள வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டவர். அவரது மனைவி யூனிஸ் பைவாவுக்கு மரணச் சான்றிதழ் கிடைத்தது 1996ஆம் ஆண்டு, அதாவது 25 ஆண்டுகள் கழித்து. ஆனால் இத்தகைய சான்றிதழ்கள் மரணம் எவ்வாறு நேர்ந்தது, அதற்கு யார் பொறுப்பு என்பதைக் கூறவில்லை. அரசு இழைத்த வன்முறையால் நேர்ந்த மரணம் என்று அவற்றில் பதியுமாறு அந்நாட்டின் தேசிய நீதி மன்றம் உத்தரவிட்டது 2024ஆம் ஆண்டு டிசம்பரில்தான். யூனிஸ் பைவா 2018ஆம் ஆண்டே காலமாகிவிட்டார்.

இலங்கையின் அனுபவம்

இலங்கையில் இந்தக் கேள்வி ஒரு இனத்துக்கு மட்டும் உரியதல்ல. 1980களின் இறுதியில் ஜே.வி.பி. கிளர்ச்சி அடக்கப்பட்டபோது தெற்கில் ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் காணாமல் ஆக்கப்பட்டனர். வடக்கு, கிழக்கில் ஆயுத மோதலின் பல கட்டங்களிலும், 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிவுற்ற தறுவாயிலும் காணாமல் ஆக்கப்பட்டோரில் பெரும்பாலானோர் தமிழர்கள். 2013ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட பரணகம ஆணைக்குழுவுக்கு 20,000க்கும் அதிகமான முறைப்பாடுகள் கிடைத்தன. அவற்றில் சுமார் 5,000 படையினரின் குடும்பங்களிடமிருந்து வந்தவை.

மறுபுறம், வடக்கு, கிழக்கில் 89,000 போர் விதவைகள் இருப்பதாக 2010ஆம் ஆண்டு அரச தரப்பில் கூறப்பட்டது. கணவர் உயிருடன் இருக்கிறார் என்று நம்பும் பெண் இத்தகைய கணக்கில் எங்கு சேர்க்கப்படுவார் என்பது எளிதில் விடை காணக்கூடியதல்ல. விதவை என்று எழுதினால் அவர் மறுப்பார். மணமானவர் என்று எழுதினால் அவரது இழப்பு கணக்கில் மறைந்துபோகும்.

2010ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தற்காலிகச் சட்டம் ஒன்று, காணாமல் போனவர்களின் மரணத்தைப் பதிவுசெய்ய வழிவகுத்தது. பல குடும்பங்கள் அதை ஏற்க மறுத்தன. ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016ஆம் ஆண்டு மே மாதம் அங்கீகரித்தது. அதே ஆண்டில் அந்தத் தற்காலிகச் சட்டம் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறும் வாய்ப்பு உருவானது. கணவர் இறந்ததாக ஒப்புக்கொள்ளாமலே ஒரு பெண் அரச அலுவலகத்தின் முன் நிற்க முடிந்தது இதன் பயன். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டமும் 2016ஆம் ஆண்டே நிறைவேறியது. ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டது 2018ஆம் ஆண்டு.

ஆனால் சான்றிதழ் ஒரு நிலையை அங்கீகரிக்கிறதே தவிர, என்ன நடந்தது என்ற கேள்விக்குப் பதிலளிப்பதில்லை. 2020ஆம் ஆண்டு ஜனவரியில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்றும், விசாரணைகளுக்குப் பின் மரணச் சான்றிதழ் வழங்க நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் ஐ.நா. அதிகாரியிடம் தெரிவித்தார். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம், குடும்பம் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் வழங்க அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தங்களுக்கு வேண்டியது பணம் அல்ல, பதிலே என்று கூறி, போராடும் குடும்பங்கள் அதை நிராகரித்தன. கிளிநொச்சியில் 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் தேதி தொடங்கிய அவர்களது தொடர் போராட்டம் ஏனைய மாவட்டங்களுக்கும் பரவியது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 30ஆம் தேதி வடக்கு, கிழக்கில் பேரணிகள் நடப்பதும், லண்டன், டொரன்டோ போன்ற நகரங்களில் புலம்பெயர் தமிழர்கள் கூடுவதும் வழக்கமாகியுள்ளன.

காஷ்மீரின் "அரை விதவைகள்"

இந்தியாவின் நிலை வேறுவிதமானது. காணாமல் ஆக்கப்படுதலைத் தடுப்பதற்கான உடன்படிக்கையில் அந்நாடு 2007ஆம் ஆண்டு பிப்ரவரியில் கையெழுத்திட்டது. ஆனால் அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. காஷ்மீரில் 1989ஆம் ஆண்டுக்குப் பின்னர் 8,000க்கும் அதிகமானோர் காணாமல் போனதாக உறவினர்களின் சங்கம் கூறுகிறது. அரசு இந்த எண்ணிக்கையை ஏற்பதில்லை.

அங்கு இத்தகைய கணவர்களின் மனைவியர் "அரை விதவைகள்" என்று அழைக்கப்படுகின்றனர். அரசு தராத ஒரு பெயரை சமூகமே உருவாக்கிக்கொண்டது. அவர்களுடைய மறுமணம் குறித்து நெடுங்காலமாக நிலவிய கருத்து வேறுபாட்டுக்குப் பின், நான்கு ஆண்டுகள் காத்திருந்த பெண் மறுமணம் செய்யலாம் என்று 2013ஆம் ஆண்டு டிசம்பரில் மார்க்க அறிஞர்கள் தீர்ப்பளித்தனர். நிலை தெரியாத ஒருவரின் மனைவிக்கு வழிகாட்டும் பொறுப்பை, அரசு ஏற்காதபோது மத அமைப்புகள் ஏற்க நேர்ந்ததையே இது காட்டுகிறது.

தினத்தின் பயன் என்ன?

ஒரு சர்வதேச தினத்தை அறிவிப்பதில் அரசுகளுக்குச் செலவு ஏதுமில்லை. அறிவிக்கப்பட்ட தினங்கள் பெருகிவிட்ட நிலையில், இவை வெறும் சம்பிரதாயங்கள் என்ற விமர்சனத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும் ஆகஸ்ட் 30 பற்றிய தீர்மானம் தனித்து நிற்கவில்லை. அது நிறைவேறிய இரண்டாம் நாள், 2010ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் தேதி, மேற்குறித்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. காணாமல் போனவரின் கதி தெரியாத நிலையிலும், அவரது குடும்பத்தின் சமூகநலம், நிதி, குடும்பச் சட்டம், சொத்துரிமை ஆகியவற்றைத் தீர்க்க நடவடிக்கை எடுக்குமாறும், தேடுதலும் விசாரணையும் அதனால் நின்றுவிடக் கூடாது என்றும் அதன் 24ஆவது பிரிவு கூறுகிறது. உண்மையை அறியும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு என்றும் அதே பிரிவு உறுதிசெய்கிறது.

ஆகவே, உதவி வேண்டுமா, உண்மை வேண்டுமா என்று ஒரு பெண்ணைத் தெரிவு செய்யச் சொல்வது அந்த உடன்படிக்கைக்கு முரணானது. ஜூன் 23ஆம் தேதி கோரும் வாழ்வாதாரமும் ஆகஸ்ட் 30ஆம் தேதி கோரும் நீதியும் அவருக்கு ஒருங்கே உரியவை. ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற நிலை நீடிக்கும்வரை, எந்தத் தினம் அறிவிக்கப்பட்டாலும் அது முழுமையாகாது.

நினைவு நாள் என்பது பொதுவாக நடந்து முடிந்த ஒன்றை நினைவுகூர்வது. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களைப் பொறுத்தவரை இன்னும் எதுவும் முடியவில்லை. அவர்களுக்கு ஆகஸ்ட் 30, அரசு பதில் சொல்ல வேண்டிய கெடு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் நாள். இலங்கையில் பதில் கேட்டுப் போராடிய பெற்றோரில் பலர் அதைப் பெறாமலே இறந்துவிட்டனர். எஞ்சியிருப்போர் முதுமையை எட்டிவிட்ட நிலையில், அந்தக் கெடுவை இன்னும் எத்தனை ஆண்டுகள் தள்ளிப்போட முடியும் என்பதே அரசுகளின் முன் உள்ள கேள்வி.