பெங்களூரு சம்பளம், ஓசூர் வாடகை: இந்தக் கணக்கு உண்மையிலேயே லாபமா?

கம்பெனி பெங்களூருவில், குடித்தனம் ஓசூரில். வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆபீஸ், மீதி நாள் வீட்டிலேயே லேப்டாப். கொரோனாவுக்குப் பிறகு இப்படி வாழும் ஐடி ஊழியர்களை ஓசூரில் சாதாரணமாகப் பார்க்கலாம். சிலர் இன்னும் உள்ளே போய் தளி, ஜவளகிரி பக்கம் வீடு, மனை தேடுகிறார்கள். "வாடகை கம்மி, காற்று சுத்தம், பெங்களூருவும் பக்கம்தானே" என்பது அவர்கள் சொல்லும் காரணம். அது நியாயம்தான். ஆனால் அதில் பாதிக் கணக்குதான் இருக்கிறது.

ஏன் ஓசூர்?

பெங்களூருவிலிருந்து சுமார் 40 கி.மீ. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம் என்பதால் வெயிலும் அவ்வளவாகத் தெரியாது. சிப்காட், அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று வளர்ந்த தொழில் நகரம், 2019-ல் மாநகராட்சியானது. தமிழ், தெலுங்கு, கன்னடம் எது தெரிந்தாலும் கடையில் பேசிச் சமாளித்துவிடலாம்.

பிபிஓ நிறுவனங்களைக் கட்டுப்படுத்திய தொலைத்தொடர்பு விதிகளை 2020 நவம்பரில் மத்திய அரசு தளர்த்தியது. வீட்டிலிருந்து வேலை வாங்குவது கம்பெனிகளுக்கு அதன்பிறகு எளிதானது. 2025 ஆகஸ்டில் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் பாதை பொம்மசந்திரா வரை ஓடத் தொடங்கியது. ஆனாலும் ஓசூரிலிருந்து பொம்மசந்திராவுக்குப் பஸ்ஸிலோ பைக்கிலோதான் போக வேண்டும்.

வாடகைக்கு மேல் என்ன செலவு?

கரன்ட் போனால் மீட்டிங் நிற்கக் கூடாது. அதனால் இன்வெர்ட்டர் வேண்டும், இரண்டாவது நெட் இணைப்பும் வேண்டும். பகல் முழுக்க ஃபேனும் கம்ப்யூட்டரும் ஓடும்போது, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே கூடிவிடும். கர்நாடகப் பதிவெண் வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். இதையெல்லாம் சேர்த்த பிறகு மிச்சமாவதுதான் உண்மையான லாபம்.

ஜவளகிரியில் கணக்கே வேறு

ஜவளகிரி காடு, கர்நாடகத்தின் பன்னேருகட்டா காட்டோடு ஒட்டியது. ராகி முற்றும் பருவத்தில் யானைக் கூட்டங்கள் அங்கிருந்து இந்தப் பக்கம் வருவது வழக்கம். நைட் ஷிஃப்ட் முடித்து பைக்கில் திரும்புகிறவருக்கு இது உயிர் பயம். ராத்திரி முழுக்கக் காவல் இருக்கும் விவசாயிக்கு உயிரும் போகலாம், பயிரும் போகலாம். இந்த நிலையில், யானை நடக்கும் இடத்தில் வார இறுதிப் பண்ணை வீட்டைக் கட்டி, வேலி போட்டு, விளக்கும் எரியவிட்டால் என்ன ஆகும்? யானை பக்கத்து வயலுக்குத் திரும்பும். வந்தவர் தேடிய அமைதிக்கு அங்கேயே இருப்பவர் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

வரி அங்கே, குப்பை இங்கே

பலர் கவனிக்காத விஷயம் இது. சம்பளத்தில் பிடிக்கும் தொழில் வரி தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புக்குப் போகிறது. கர்நாடகத்தில் மாநில அரசுக்குப் போகிறது. பெங்களூரு கம்பெனியின் ஊழியர் ஓசூர் வீட்டிலிருந்து வேலை பார்த்தாலும், அவருடைய வரி வழக்கமாகக் கர்நாடகத்துக்கே செல்கிறது. ஆனால் குடிப்பது ஓசூர் தண்ணீர், நிரம்புவது ஓசூர் குப்பைத்தொட்டி. ஒருவருக்கு வருடத்துக்கு அதிகபட்சம் 2,500 ரூபாய்தானே என்று தோன்றலாம். ஆயிரம் பேருக்குக் கணக்குப் போட்டால் 25 லட்சம் வரை வரும்.

என்ன செய்யலாம்?

பிலிப்பைன்ஸ் 2018-லேயே தொலைப்பணிக்கென்று தனிச்சட்டம் கொண்டுவந்தது. ஆபீஸுக்கு வருகிறவருக்கும் வீட்டிலிருந்து பார்ப்பவருக்கும் சம்பளம், ஓய்வு நேரம், பயிற்சி எதிலும் பாகுபாடு கூடாது என்கிறது அது. இந்தியாவில் அப்படித் தனிச்சட்டம் இல்லை. கம்பெனி மெயில் அனுப்பி "அடுத்த மாதம் முதல் தினமும் ஆபீஸ்" என்று சொன்னால், ஓசூரில் எடுத்த வீடும் பிள்ளைக்குப் போட்ட பள்ளியும் கேள்விக்குறியாகிவிடும்.

தமிழ்நாட்டின் 2025-26 பட்ஜெட்டில் ஓசூருக்கு 400 கோடி ரூபாயில் டைடல் பூங்கா அறிவிக்கப்பட்டது. நல்ல விஷயம். அதில் பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் இடம் ஒதுக்காமல், தனியாக லேப்டாப்போடு வருகிறவருக்கும் குறைந்த வாடகையில் மேஜை, நெட், தடையில்லா மின்சாரம் தர வேண்டும். வேலை பார்க்கும் இடம் ஓசூர் என்று கம்பெனி பதிவு செய்தால், தொழில் வரி ஓசூர் மாநகராட்சிக்கே வரும்படி நடைமுறையை எளிமையாக்க வேண்டும். காட்டோரம் மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் முன் யானை வழித்தடத்தைப் பார்க்க வேண்டும்.

இங்கே வந்து குடியேறுகிறவர்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. ஓசூர் வெறுமனே தூங்கி எழும் ஊர் இல்லை. இங்கேயே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்து, வார்டு கவுன்சிலரிடம் தண்ணீரும் ரோடும் கேட்கத் தொடங்கினால், ஓசூரால் அவர்களைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது.