ஓட்டுச்சீட்டுக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடுமா?

தேர்தல் முடிவு வந்த மறுநாள் எங்கள் பேரூராட்சியின் டீக்கடைகளில் தோற்ற தரப்பு சொல்வது இதுதான்: "மெஷின்ல ஏதோ பண்ணிட்டாங்க." இந்தப் பேச்சு டீக்கடையைத் தாண்டி வெகுகாலம் ஆகிறது. மின்னணு இயந்திரத்தை ஒழித்துப் பழையபடி ஓட்டுச்சீட்டைக் கொண்டுவந்தால் தேர்தல் தூய்மையாகிவிடும் என்று இப்போது தலைவர்கள் மேடையில் சொல்கிறார்கள், படித்தவர்கள் கட்டுரை எழுதுகிறார்கள். சீட்டில் முத்திரை குத்தியும் ஓட்டுப் போட்டிருக்கிறேன், இயந்திரத்தில் பொத்தானை அழுத்தியும் போட்டிருக்கிறேன். ஒரு சிற்றூர் வாக்காளனாக எனக்கு இந்தக் கோரிக்கை தவறாகப் படுகிறது. அதன் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

1. "எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒரே சின்னத்துக்குத்தான் விழும்"

வாக்குப்பதிவு காலை ஏழு மணிக்கு என்றால், ஐந்தரை மணிக்கே சாவடியில் மாதிரி வாக்குப்பதிவு தொடங்கிவிடும். முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 ஓட்டுகள் போடுவார்கள். நோட்டா உட்படப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஓட்டு விழ வேண்டும். பிறகு இயந்திரம் காட்டும் கணக்கையும் போட்ட ஓட்டைச் சீட்டாக அச்சிடும் விவிபேட் கருவியின் பெட்டிக்குள் விழுந்த சீட்டுகளையும் ஒப்பிட்டு, அந்த ஓட்டுகளை அழித்து, சீட்டுகளை அப்புறப்படுத்தி, முகவர்கள் கையெழுத்திட்ட தாள் முத்திரையோடு மூடுவார்கள். எங்கள் ஊரில் முகவர்களாக உட்காருபவர்கள் உரக்கடைக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார், தறி ஓட்டுகிறவர். அரசியலில் ஒருவரையொருவர் நம்பாதவர்கள். அந்த அவநம்பிக்கைதான் அந்த அறையின் பாதுகாப்பு.

மாதிரி ஓட்டில் ஒழுங்காக இருந்துவிட்டு நண்பகலில் இயந்திரம் மாறிவிட்டால் என்ன செய்வது? நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் விவிபேட் வந்தது. காகிதத் தடயம் இன்றியமையாதது என்று உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபரில் சொன்னது. 2019 மக்களவைத் தேர்தலில் அது எல்லாச் சாவடிகளுக்கும் வந்துவிட்டது. பொத்தானை அழுத்தியதும் நாம் தேர்ந்தெடுத்த பெயரும் சின்னமும் அச்சான சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி நிற்கிறது. பல பேர் அதைப் பார்க்காமலேயே 'பீப்' சத்தம் கேட்டதும் கிளம்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டும். அந்த 7 விநாடி வாக்காளருக்காகக் கேட்டு வாங்கப்பட்டது.

இன்னொன்று. வேட்பாளர் வரிசை தொகுதிக்குத் தொகுதி மாறும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள், பதிவு பெற்ற கட்சிகள், சுயேச்சைகள் என்று மூன்று பிரிவு, ஒவ்வொன்றிலும் அகரவரிசை. ஒரு ஊரில் இரண்டாவதாக இருக்கும் சின்னம் பக்கத்துத் தொகுதியில் நான்காவதாக இருக்கலாம். "மூன்றாம் பொத்தானுக்குச் சாதகம் செய்" என்று தொழிற்சாலையிலேயே எழுதிவைத்தால் அது யாருக்கு உதவும் என்று எழுதியவருக்கே தெரியாது.

2. "செல்போனிலிருந்தே மாற்றிவிடலாம்"

இந்த இயந்திரம் எந்த வலையமைப்போடும் இணைந்ததல்ல. ஆனாலும் இதன் பலவீனத்தைக் காட்டிய ஆய்வும் இருக்கிறது. 2010-இல் இந்திய ஆய்வாளர் ஹரி பிரசாத்தும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் ஒரு இயந்திரத்தில் முறைகேடு செய்துகாட்டினார்கள். செல்போனிலிருந்து கட்டளை கொடுத்து எண்ணிக்கையை மாற்றியும் காட்டினார்கள். ஆனால் அதற்கு முன்பு இயந்திரத்தைத் திறந்து, எண் காட்டும் பாகத்தைக் கழற்றி, தாங்களே செய்த பாகத்தைப் பொருத்த வேண்டியிருந்தது. மதிக்க வேண்டிய ஆய்வு அது. அது நமக்குச் சொல்லும் பாடம், இயந்திரத்தின்மேல் தவறான கை படக்கூடாது என்பது.

அந்தக் கையைத் தடுப்பது யார்? 2021 சட்டமன்றத் தேர்தலில் வேளச்சேரியில் வாக்குப்பதிவு முடிந்தபின் இருசக்கர வாகனத்தில் இயந்திரங்களை எடுத்துச் சென்றவர்களைத் தெருவில் மடக்கியவர்கள் பொதுமக்கள். அவற்றில் ஒரு விவிபேட் அன்று வாக்குப்பதிவில் சிறிது நேரம் பயன்பட்டது என்று தெரியவந்ததும், அந்தச் சாவடியில் ஏப்ரல் 17-ஆம் தேதி மறுவாக்குப்பதிவு நடந்தது. விதிமீறலைப் பிடித்ததும் திருத்தவைத்ததும் ஊர்க்காரர்களின் விழிப்பு.

3. "காகிதத்தில் திருட முடியாது"

காகிதத்தில்தான் எளிதாகத் திருடினார்கள். சாவடியைக் கைப்பற்றியவர்களுக்கு ஒரு கட்டுச் சீட்டில் முத்திரை குத்திப் பெட்டியில் திணிக்க அதிக நேரம் ஆகவில்லை. இயந்திரம் நிமிடத்துக்கு 4 ஓட்டுக்கு மேல் வாங்காது. தலைமை அலுவலர் 'குளோஸ்' பொத்தானை அழுத்திவிட்டால் பிறகு ஒன்றும் ஏறாது.

பழங்கதை என்று தள்ளுகிறவர்கள் 2024 ஜனவரி 30-ஆம் தேதி நடந்த சண்டிகர் மேயர் தேர்தலைப் பார்க்கட்டும். அது ஓட்டுச்சீட்டுத் தேர்தல். தேர்தலை நடத்திய அலுவலரே 8 சீட்டுகளில் பேனாவால் கிறுக்கி அவற்றைச் செல்லாததாக்கினார். குறைந்த ஓட்டு வாங்கியவர் வென்றதாக அறிவிக்கப்பட்டார். கேமரா இருந்ததால் பிடிபட்டது. உச்ச நீதிமன்றம் தலையிட்டு முடிவை மாற்றியது.

நம் மாநிலத்திலேயே ராதாபுரம் தொகுதி இருக்கிறது. 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. நீதிமன்றம் போன அந்த வழக்கின் மையத்தில் இருந்தவை நிராகரிக்கப்பட்ட 203 தபால் ஓட்டுகள். பள்ளித் தலைமையாசிரியர் சான்றொப்பம் செல்லுமா செல்லாதா என்பதே முக்கியச் சண்டை. ஆண்டுக்கணக்கில் இழுத்த சிக்கல், காகிதத்தைச் சுற்றி எழுந்தது.

தமிழ்நாட்டில் இரண்டு முறைகளும் இன்றும் அருகருகே இருக்கின்றன. பேரூராட்சியில் இருக்கும் நாங்கள் 2022 உள்ளாட்சித் தேர்தலில் பொத்தானை அழுத்தினோம். பக்கத்துக் கிராமத்து உறவினர்கள் ஊராட்சித் தேர்தலில் ஆளுக்கு நான்கு நிறங்களில் நான்கு சீட்டு வாங்கி முத்திரை குத்தினார்கள். 2020 ஜனவரி 2-ஆம் தேதி தொடங்கிய ஊராட்சி வாக்கு எண்ணிக்கை பல இடங்களில் மறுநாளுக்கும் நீண்டது. கோட்டின்மேல் விழுந்த முத்திரை, மடித்தபோது எதிர்ப்பக்கத்தில் ஒட்டிய மை, மறுபடி மறுபடி வாக்குவாதம். கண் மங்கிய பாட்டி போட்ட ஓட்டுதான் முதலில் 'செல்லாது' கட்டுக்குப் போகிறது. இயந்திரத்தில் அவர் ஓட்டு செல்லாமல் போவதில்லை. எனக்கு இதுவே பெரிய வாதம்.

4. "ஜெர்மனியே கைவிட்டுவிட்டது"

ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச்சில் அங்கே பயன்பட்ட இயந்திரங்களை ஏற்க மறுத்தது உண்மை. காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேர்தலின் முக்கியப் படிகளைத் தொழில்நுட்பம் அறியாத சாதாரணக் குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. அங்கிருந்த இயந்திரங்களில் வாக்காளர் பார்த்துச் சரிபார்க்கும் சீட்டு இல்லை, நம்மிடம் இருக்கிறது. அந்தத் தீர்ப்பை மதிப்பவர்கள் கேட்க வேண்டியது, அச்சாகும் சீட்டுகளை நிறைய எண்ணுங்கள் என்பதைத்தான்.

எதிர்த்தரப்பு சரியாகச் சொல்வது எங்கே?

இங்கேதான். ஒரு சட்டமன்றத் தொகுதியில் சாவடிகள் நூற்றுக்கணக்கில் இருக்க, சீட்டுகளை எண்ணிச் சரிபார்ப்பது 5 சாவடிகளில் மட்டும். 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லும்வரை அதுவும் ஒன்றாகவே இருந்தது. வித்தியாசம் குறைவான தொகுதிகளிலாவது சீட்டுகளை முழுக்க எண்ண வேண்டும். சீட்டில் வேறு சின்னம் வந்தது என்று புகார் சொல்லும் வாக்காளர், சோதனை ஓட்டில் அது நிரூபணம் ஆகாவிட்டால் தண்டனைக்கு ஆளாகலாம். இந்த மிரட்டலுக்குப் பயந்து எந்த ஏழை வாய் திறப்பார்? அது போக வேண்டும். வேட்பாளர் சின்னங்களை விவிபேட்டில் ஏற்றும் கருவியையும் முத்திரையிட்டு 45 நாள் பாதுகாக்க வேண்டும் என்று 2024 ஏப்ரல் 26-ஆம் தேதித் தீர்ப்பு சொன்னது. ஓட்டுச்சீட்டுக்குத் திரும்ப மறுத்த அதே தீர்ப்புதான் அது. அந்தக் கருவியின் சோதனை இன்னும் வெளிப்படையாக நடக்க வேண்டும். இந்தக் கோரிக்கைகளுக்காக யார் போராடினாலும் நான் கூட நிற்பேன். "மெஷினே மோசடி" என்ற கூச்சலில் இவை காணாமல் போவதுதான் என் வருத்தம்.

கடைசியாக ஒன்று. வாக்குப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு சாவடியிலும் எத்தனை ஓட்டு விழுந்தது என்று 17சி படிவத்தில் எழுதி, நகலை அங்கிருக்கும் முகவர்களுக்குக் கொடுக்கிறார்கள். தேர்தல் ஆணையம் அதைப் பொதுவெளியில் வைக்க வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆனால் எல்லாச் சாவடியிலும் ஆள் போட்டிருக்கும் கட்சியிடம் அந்த நகல் ஏற்கெனவே இருக்கிறது. முடிவு வந்தபின் சாவடிவாரியான கணக்கும் வெளியாகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தொழில்நுட்பம் தேவையில்லை. கூட்டல் தெரிந்தால் போதும். மோசடி என்று சொல்கிற கட்சி, தன் முகவர்களிடம் இருக்கும் அந்தத் தாள்களை முதலில் மக்கள் முன் வைக்கட்டும்.