அறுவை மருத்துவருக்கும் நெறியாளர் நாற்காலி வேண்டும்

பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பர் 7 அன்று அறிவித்த முனைவர் பட்ட ஒழுங்குமுறைகள் பற்றி இவ்விதழின் நிலைப்பாட்டை வாசகர்கள் கேட்கிறார்கள். ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயம் நீங்கியது நல்லது. காசுக்கு அச்சிடும் இதழ்களிடமிருந்து மாணவர்கள் தப்பினார்கள். தடையின்மைச் சான்றுடன் பகுதிநேரமாகச் சேரும் வழி, கோணத்திலும் சுங்கான்கடையிலும் குமாரகோவிலிலும் பாடம் நடத்தும் இளம் ஆசிரியர்களுக்கு உதவும். இவற்றை வரவேற்கிறோம்.

உறுத்துவது நெறியாளர் தகுதி. பேராசிரியருக்கும் இணைப் பேராசிரியருக்கும் முனைவர் பட்டமும் ஐந்து ஆய்வுக் கட்டுரைகளும். உதவிப் பேராசிரியருக்குப் பட்டமும் மூன்று கட்டுரைகளும். மூளைக் காயத்தைக் கணினியில் மாதிரியாக்கும் நம் துறையை இந்த அளவுகோல் முடக்குகிறது.

நமக்கு மாதிரிக்குப் பஞ்சமில்லை. டொயோட்டாவின் தம்ஸ் என்ற மனித உடல் கணினி மாதிரி 2021 முதல் இலவசம். கணினித் திறனுக்கும் பஞ்சமில்லை, திருச்சி என்.ஐ.டி.யில் 838 டெராஃப்ளாப்ஸ் திறனுள்ள பரம் பொருள் மீக்கணினி இருக்கிறது. இல்லாதது சரிபார்ப்பு. நஹூம் குழு 1977இல் சடலத் தலைகளில் அளந்த அழுத்த வளைவோடு ஒப்பிட்டுவிட்டு இன்னும் திருப்திப்பட்டுக்கொள்கிறோம். உயிருள்ள மூளையில் காயம் மணிக்கணக்கில் வளர்வதைச் சடலம் காட்டாது, மருத்துவமனைதான் காட்டும்.

தென்னையிலிருந்து விழுந்த ஒரு தொழிலாளியை ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து மீட்டர் உயரமென்றால், இடையில் எதிலும் தட்டாவிட்டால், தரையைத் தொடும் வேகம் நொடிக்கு 14 மீட்டர். மரத்தை அளக்கலாம், மண்ணின் கடினத்தைச் சோதிக்கலாம். சாலை விபத்தில் தொடக்க நிலை இவ்வளவு தெளிவாகக் கிடைப்பது அரிது. சி.டி.யில் பெரிதாக ஒன்றும் தெரியாமலேயே அவர் நினைவின்றிக் கிடந்தால், டிஃப்யூஸ் ஆக்சானல் காயமோ (நரம்பிழைகள் பரவலாகச் சிதைவது) என்று சந்தேகிப்பவர் நரம்பியல் அறுவை மருத்துவர். எந்தப் பக்கமாக விழுந்தார், தலை எதில் மோதியது என்று உறவினரிடம் கேட்பவரும் அவரே. நம் மாதிரிக்கு வேண்டிய எல்லை நிபந்தனை அந்தப் பதிலில் இருக்கிறது.

எம்.பி.பி.எஸ்., எம்.எஸ்., எம்.சிஎச். என்று பத்தாண்டுக்கு மேல் படித்து அன்றாடம் மண்டையோட்டைத் திறக்கும் அந்த மருத்துவரிடம் முனைவர் பட்டம் இல்லையென்றால், விதிப்படி அவர் நெறியாளர் ஆக முடியாது. மூளையைத் தொட்டே பார்த்திராத நாம் ஆகலாம்! இணை நெறியாளருக்கு இடமுண்டே என்பார்கள். அவருக்கு என்ன தகுதி என்று வரையறுக்காமல், உரிய அதிகாரியின் ஒப்புதலுக்கு விட்டிருக்கிறார்கள். தெளிவில்லாத விதியில் எந்த அதிகாரி துணிந்து கையெழுத்திடுவார்? கோப்பு மேசைக்கு மேசை நகரும். மாணவரின் ஆண்டுகள் கரையும். டெல்லியில் விதி எழுதுவோர் நோயாளியோடு சேர்ந்து நடக்கும் ஆய்வை நினைத்தே பார்ப்பதில்லை. பல்துறை ஆய்வு என்று மேடைதோறும் முழங்குவோருக்கு இணை நெறியாளரின் தகுதியைச் சொல்லும் ஒரு வரியை எழுத மனம் வரவில்லையா?

எம்.சிஎச்., டி.எம். பட்டங்கள் இணை நெறியாளர் தகுதிக்குப் போதுமானவை என்று மானியக் குழு திருத்தம் கொண்டுவர வேண்டும். அதுவரை ஒப்புதல் தரும் அதிகாரம் பல்கலைக்கழகங்களின் கையில்தான் இருக்கிறது, தயங்காமல் பயன்படுத்தட்டும். அடுத்த இதழ் முதல், தலைக்காய மாதிரிக் கட்டுரைகளில் மருத்துவர் ஒருவரின் பங்களிப்பும், நெறிமுறைக் குழு ஒப்புதலுடன் பதிவான மோதல் விவரமும் இருந்தால் அவற்றுக்கே முன்னுரிமை தருவோம்.